அப்பாவின் படகில் ஏழு ஆட்டங்கள்

அந்த வருஷத்துக் கால்பந்தை நான் பார்க்கவில்லை. கேட்டேன்.

எங்கள் ஹாம்ராவீக்கில் தட்டையான நிலம் என்று ஒன்றுதான் உண்டு. துறைமுகத்தை ஒட்டிப் பாறையைச் சமன்செய்து சரளை கொட்டிய மைதானம். ஒரு தலைப்பில் மலை. மறு தலைப்பில் கோல் கம்பத்துக்குப் பின்னால் கல்மதில். மைதானத்தில் நிற்பவருக்கு அந்த மதில் இடுப்பளவு. கடலில் படகில் இருப்பவருக்கு இரண்டு ஆள் உயரம். மலையிலிருந்து காற்று இறங்கினால் பந்து மதிலைத் தாண்டித் தண்ணீரில் விழும். கிளப்பிடம் இருந்ததே மூன்று பந்து. அதனால் எங்கள் ஊரில் ஆட்டம் நடக்கும்போதெல்லாம் மதிலடியில் ஒரு படகு நிற்கும். 1976இல் அந்தப் படகில் துடுப்போடு உட்கார்ந்திருந்தது நான்.

அதுவரை அந்த வேலையைச் செய்த பெரியவருக்கு அந்த வசந்தத்தில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. துடுப்புப் போடத் தெரிந்தவர்கள் யார் என்று கிளப்பில் கேட்டார்கள். ஊரில் எல்லா ஆண்களுக்கும் தெரியும். ஆனால் எல்லா ஆண்களும் ஆட்டம் பார்க்க வேண்டியிருந்தது. எனக்குப் பார்க்க வேண்டியதில்லை என்று யாரும் என்னைக் கேட்காமலே முடிவாகிவிட்டது.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஃபாரோ தீவுகளின் முதல் டிவிஷனில் மொத்தமே எட்டு அணி. அதில் இருநூற்றுப் பத்துப் பேர் உள்ள எங்கள் ஊரும் ஒன்று என்று வானொலியில் சொன்ன அன்று, கூட்டுறவுக் கடையில் காப்பிப் பொட்டலம் தீர்ந்துபோயிற்று. வீட்டுக்கு வீடு விருந்து. கடையை நடத்திய துரூத்தா மறு வாரம் வரை எல்லாரிடமும் கையை விரித்தாள்.

அந்தத் துரூத்தாதான் எனக்குக் கண். மதில்மேல் கால்களைக் கடல்பக்கம் தொங்கப்போட்டு, கழுத்தை மைதானத்தின் பக்கம் திருப்பி, கையில் பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருப்பாள்.

"துரூத்தா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. பந்து அவங்ககிட்ட இருக்கு."

"இப்ப?"

"இப்பவும் அவங்ககிட்டதான். இரு, ஒரு கண்ணி நழுவிடுச்சு."

"ஏய், அங்க ஏதோ கத்துறாங்களே."

"கோல்."

"யாருக்கு?"

"நமக்குன்னா நான் உக்காந்தா இருப்பேன்?"

இப்படித்தான் எனக்கு அந்த வருஷம் போயிற்று. உள்ளூரில் ஏழு ஆட்டம், ஏழையும் துரூத்தாவின் வாயிலிருந்து கேட்டேன். வெளியூர் ஏழும் ஞாயிறு மாலை வானொலியில்.

அணியில் என் வீட்டு ஆண்கள் இரண்டு பேர். என் அண்ணன் ஹோக்னி கேப்டன், முன்வரிசை ஆட்டக்காரன். என் தம்பி ரோயி கோலி, கோல் காப்பவன். ஒருவன் அந்தக் கோடியிலும் ஒருவன் இந்தக் கோடியிலும் நிற்பது ஊருக்கு வசதியாக இருந்தது. ஏனென்றால் இருவரும் பேசிக்கொண்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது.

காரணம் நான் உட்கார்ந்திருந்த படகு.

அது எங்கள் அப்பாவுடையது. அப்பா இறந்தபோது ரோயி க்ரீன்லாந்துப் பக்கம் மீன் பிடிக்கப் போயிருந்தான். எட்டு மாதக் கப்பல். ஹோக்னிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. கரையிலிருந்து பத்துத் துடுப்புப் போட்டால் வயிற்றைப் புரட்டும். மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை. கொட்டகையில் படகு காய்ந்து பலகை விரிகிறதே, ஊருக்காவது உதவட்டும் என்று அதை அவன் கால்பந்து கிளப்புக்குக் கொடுத்துவிட்டான். கிளப்காரர்கள் சந்தோஷத்தில் அதற்கு மஞ்சளும் நீலமும் அடித்தார்கள். ரோயி திரும்பி வந்து படகுத்துறையில் இறங்கியதும் முதலில் பார்த்தது அதைத்தான். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அப்பா படகுல பந்து பொறுக்குறாங்களா?"

"சும்மா கிடந்து மக்கிச்சு, ரோயி."

"என்னைக் கேட்டியா?"

"நீ க்ரீன்லாந்துல இருந்த."

"தந்தின்னு ஒண்ணு இருக்கே."

ஹோக்னி திரும்பி ஆலைக்கு நடந்தான். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. இருவரும் அதே வீட்டில், அதே மேசையில், நான் வேகவைத்த அதே உருளைக்கிழங்கைச் சாப்பிட்டார்கள்.

"எல்ஸ்பா, உன் தம்பிகிட்ட உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு."

"ரோயி, உப்பு."

"அக்கா, உன் அண்ணன்கிட்ட சொல்லு, உப்பு அவன் முழங்கைக்குப் பக்கத்துலதான் இருக்குன்னு."

அண்ணனும் தம்பியும் எனக்கு மட்டும்தான் சொந்தம் என்பதுபோல் இருக்கும் அவர்கள் பேச்சு. முதல் வருஷம் ஊரில் இதைச் சொல்லிச் சிரித்தேன். மூன்றாவது குளிர்காலத்தில் சிரிப்பு நின்றது. குடல்வால் அறுவைக்காக நான் இரண்டு வாரம் தலைநகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அப்போது எங்கள் ஆடு ஒன்று மலைமுகட்டில் ஒரு விளிம்பில் இறங்கி ஏற முடியாமல் மாட்டிக்கொண்டது. ரோயி அதைப் பார்த்தான். மறுநாள் விடியலில் அவனுக்குக் கப்பல். வீட்டில் ஹோக்னி இருந்தான், கயிறும் இருந்தது. ரோயி ஒரு துண்டுத்தாளில் என் பெயருக்கு எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போனான். என் பெயருக்கு வந்ததை ஹோக்னி பிரிக்கவில்லை. நான் வந்து பிரித்தபோது ஆடு செத்துப் பத்து நாள்.

இரவெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. இது ஆடு. நாளைக்கு அந்த விளிம்பில் இவர்களில் ஒருவன் நின்றால்?

அதனால்தான் ஹானுஸுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஹானுஸ் வளைகுடாவுக்கு அந்தப்புறம் இருந்த சாந்தொய்ரிக்காரன். தபால் படகின் இஞ்சினைப் பார்த்துக்கொண்டவன். செவ்வாயும் சனியும் எங்கள் துறைக்கு வருவான். மூன்று வருஷமாக என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீ வருவேன்னு மரவீட்டுக்கு மூணாவது தடவையா தார் பூசியாச்சு, எல்ஸ்பா. இன்னொரு தடவை பூசினா கனம் தாங்காம வீடு கடல்ல இறங்கிடும்."

"கொஞ்சம் பொறு."

"பொறுக்கறேன். எதுவரைக்கும்னு சொல்லு."

"நான் வந்துட்டா இவங்களுக்கு யார் சொல்றது, சாப்பாடு ஆச்சுன்னு?"

"ரெண்டு பேருக்கும் மூக்கு இருக்குல்ல?"

"விளையாடாதே ஹானுஸ். ஆட்டோட கதை உனக்குத் தெரியும்."

அவன் கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்தான், பிரித்தான்.

"ஒரு டேனிஷ் கப்பல்ல இஞ்சின் வேலைக்குக் கூப்பிடறாங்க. ரெண்டு வருஷம். அக்டோபர் முதல் வாரத்துல பதில் சொல்லணும். நீ வர்றதா இருந்தா நான் போகல."

"வராட்டி?"

"இங்க இருந்துகிட்டு வாரம் ரெண்டு தடவை உன்னைப் பாத்துட்டுத் திரும்பிப் போறது எனக்குச் சலிச்சுப்போச்சு."

"கடைசி ஆட்டம் முடியட்டும். சொல்றேன்."

"கடைசி ஆட்டம் எங்க ஊரோடதானே?"

"ஆமா."

"அப்ப யார் ஜெயிக்கணும்னு நான் வேண்டிக்கிறது?"

"நீ படகை ஓட்டு."

ஏப்ரலில் தலைநகரத்தில் முதல் ஆட்டம். ஆறு கோல் வாங்கினோம். போட்டது இல்லை. தபால் படகில் நாலு மணி நேரம் அலைந்து போய் இறங்கிய ஹோக்னி, முதல் பாதி முழுக்கப் பச்சை முகத்தோடு மைதானத்தின் நடுவில் நின்றானாம். மறுநாள் காலை ரோயி என்னிடம் சொன்னான்:

"அக்கா, உன் அண்ணன்கிட்ட சொல்லு. அடுத்த தடவை படகு ஏறும்போது காய்ஞ்ச மீன் ஒரு துண்டை வாயில அடக்கிக்கச் சொல்லு. வயிறு அடங்கும்."

ஹோக்னி எதிரில்தான் இருந்தான். நான் சொன்னேன். அவன் ரொட்டியை மென்றுகொண்டே, "யாரு சொன்னது?" என்றான்.

"உன் தம்பி."

"அப்ப வேண்டாம்."

ஆனால் அடுத்த வெளியூர் ஆட்டத்துக்கு அவன் கிளம்பிப் போனபிறகு பரணில் தொங்கிய மீனில் ஒரு துண்டு குறைந்திருந்தது. அந்த ஆட்டத்தில் ஹோக்னி ஒரு கோல் போட்டான். மீன் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மே மாதத்தில் இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். ஒன்றில் எதிரணி ஆறு பேர் மீன் நிறைய கிடைக்கிறதென்று வரவேயில்லை. எங்களுக்கு வேறு ஒரு சிக்கல். கோலிக்குக் கேப்டன் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் யாக்குப் வேண்டும். யாக்குப் எங்கள் பள்ளிக்கூட ஆசிரியர். வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர். பொறுமைசாலி.

"யாக்குப், கோலியை முன்னாடி வரச் சொல்லு."

"ரோயி, முன்னாடி வந்தா நல்லதாம்."

"யாருக்கு?"

அதற்குள் பந்து வலைக்குள் இருக்கும். இந்த வகையில் மட்டும் அந்த வருஷம் ஐந்து கோல் போனது என்று துரூத்தா கணக்குச் சொல்லுவாள். வாங்கிய கோலுக்கெல்லாம் ஒவ்வொரு பட்டை நிறம் மாற்றிப் பின்னி ஒரு கழுத்துத்துணி செய்தாள். ஜூலையில் அது ஆளைவிட நீளம்.

ஜூனில்தான் யாக்குப்பின் விரல் உடைந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் தீவுகளில் காற்றடிக்கும் நாளில் பெனால்ட்டிப் புள்ளியில் வைத்த பந்து நிற்காது. உருண்டு போய்விடும். ஆகவே அடிப்பவனின் அணியிலிருந்து ஒருவன் சரளையில் குப்புறப் படுத்து, கையை நீட்டி, ஒரு விரலால் பந்தை அழுத்திப் பிடித்துக்கொள்வான். நடுவர்கள் எல்லாரும் இதற்குச் சம்மதம். எங்கள் ஊரில் கூடுதலாக ஒரு முறை உண்டு. அடிப்பவன் "நிக்குதா?" என்று கேட்க வேண்டும். பிடிப்பவன் "நிக்குது" என்று சொன்ன பிறகுதான் அடிக்க வேண்டும். படுத்திருப்பவனுக்குப் பின்னால் ஓடிவருகிறவனைத் தெரியாது அல்லவா. பந்து பிடிப்பது எப்போதும் யாக்குப்தான். ஜூனில் ஒருநாள் ஹோக்னி அவசரத்தில் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் அடித்தான். கோல் ஆயிற்று. யாக்குப்பின் சுட்டுவிரலும் இரண்டாயிற்று. அன்று மாலையே கிளப்பில் கூடி, இனிமேல் வாய்ச்சொல் இல்லாமல் கால் எழும்பக் கூடாது என்று முடிவு செய்தார்கள். ஹோக்னி எழுந்து நின்று சத்தியம் பண்ணினான். யாக்குப் இலையுதிர்காலம் வரைக்கும் கரும்பலகையில் இடது கையால் எழுதினார்.

ஆகஸ்டில் மூடுபனி. செப்டம்பரில் ஆட்டைப் பட்டியில் அடைத்து அறுக்கிற காலம். பயிற்சிக்கு நாலு பேர்தான் வந்தார்கள். தோல்வி, தோல்வி, ஒரு சமன், மறுபடி தோல்வி. கடைசி ஞாயிறு வந்தபோது பட்டியலின் அடியில் இரண்டு ஊர். ஏழாவதாகச் சாந்தொய்ரி, எட்டாவதாக நாங்கள். எட்டாவது வருகிற அணி கீழே இறங்க வேண்டும். நாங்கள் ஜெயித்தால் அவர்கள் இறங்குவார்கள். சமன் ஆனாலும் இறங்குவது நாங்கள்தான்.

அன்று மலைக்காற்று. காலையிலிருந்தே வீட்டுக் கூரைகளில் வளர்ந்த புல் படுத்துக் கிடந்தது. சாந்தொய்ரி ஆட்டக்காரர்களைத் தபால் படகில் கூட்டிக்கொண்டு ஹானுஸ் வந்தான். கயிற்றைக் கட்டிவிட்டு மைதானத்துக்குப் போகாமல் துறையின் நுனியில் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான். நானும் அவனும் பேசினால் கேட்கும் தூரம். நான் மதிலைப் பார்த்துத் துடுப்புப் போட்டேன்.

"துரூத்தா?"

"ஒண்ணுக்கு ஒண்ணு. இன்னும் பத்து நிமிஷம்."

காற்று படகை வெளியே தள்ளியது. நான் துடுப்புப் போட்டு மதிலடிக்கு வந்தேன். மறுபடி தள்ளியது. அதற்குள் மூன்று தடவை பந்து பொறுக்கியாகிவிட்டது. விரல்கள் மரத்துப்போய்த் துடுப்பைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"துரூத்தா, விசில் அடிச்சாங்களே?"

"இரு."

"என்னடி இரு?"

"பெனால்ட்டி. நமக்கு. கடல்பக்கக் கோல்ல. இதோட ஆட்டம் முடிஞ்சுதுன்னு நடுவர் கையைக் காட்டறார்."

மதில்மேல் இருந்த ஆண்கள் எல்லாரும் எழுந்து நின்றது சத்தத்தில் தெரிந்தது. துரூத்தா பின்னலை மடியில் வைத்தாள்.

"ஹோக்னி பந்தை வைக்கறான். உருண்டு போகுது. திரும்ப வைக்கறான். யாக்குப்பைக் கூப்பிடறான்."

"அவர் விரல் சரியாயிடுச்சா?"

"நேத்துதான் கட்டுப் பிரிச்சார். முடியாதுன்னு தலையாட்டறார். பொண்டாட்டிகிட்ட சத்தியம் பண்ணியிருக்காராம்." அவள் குரலில் சிரிப்பு. "மத்தவங்க எல்லாரும் கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டாங்க. உன் அண்ணன் காலு அப்படி."

"அப்புறம்?"

துரூத்தா கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

"எல்ஸ்பா, உன் தம்பி அந்தக் கோடியிலேர்ந்து ஓடி வர்றான்."

"எதுக்கு?"

"கையுறை இருக்கிறது அவன் ஒருத்தன்கிட்டதானே."

நான் பின்னிக் கொடுத்த கம்பளிக் கையுறை. இரட்டை இழை.

"படுத்துட்டான். விரலை வச்சுட்டான். பந்து நிக்குது. நான் இங்கேர்ந்தே பாக்கறேன், நிக்குது. ஹோக்னி பின்னால போறான். நிக்கறான்."

"கேட்டானா?"

"வாயைத் திறக்கல."

காற்று மதிலைத் தாண்டி என் தலைக்குமேல் போயிற்று. நடுவர் ஒரு தடவை விசில் ஊதினார். இன்னொரு தடவை. அவர் வெளித்தீவுக்காரர், எங்கள் ஊர் முறை அவருக்குத் தெரியாது. "அடிப்பா" என்று அவர் சொல்வது கேட்டது. ஹோக்னி அடிக்கவில்லை. சத்தியம் செய்தவன்.

பிறகு சரளையில் யாரோ மதிலை நோக்கி ஓடிவரும் சத்தம். யாக்குப். மூச்சிரைக்கத் துரூத்தாவிடம் ஏதோ சொன்னார். துரூத்தா குனிந்து என்னைப் பார்த்தாள்.

"எல்ஸ்பா, உன் அண்ணன் சொல்லி அனுப்பியிருக்கான்."

"என்னவாம்?"

"'பந்து நிக்குதான்னு அவ தம்பிகிட்ட எல்ஸ்பாவைக் கேக்கச் சொல்லு'ங்கறான்."

ஆறு வருஷம் நான் எத்தனை சொல் சுமந்திருக்கிறேன் என்று தெரியாது. உப்பு, ஆணி, ஆட்டுக்குட்டி பிறந்த செய்தி, அத்தை செத்த செய்தி. இதுவும் ஒரு சொல்தான். மதிலைப் பார்த்துக் கத்தினால் ரோயிக்குக் கேட்கும். நான் வாயைத் திறந்தும்விட்டேன். அப்போது துறையின் நுனியில் ஹானுஸ் தெரிந்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு மேசைமேல் மடித்து வைத்த அந்தத் துண்டுத்தாள் ஞாபகம் வந்தது.

"மாட்டேன்னு சொல்லு."

"என்ன?"

"நான் கேக்க மாட்டேன். இன்னைக்கு நான் பந்து பொறுக்க வந்தவ. கேக்கணும்னா அவனே கேக்கட்டும்."

மதில்மேல் வரிசையாகத் தலைகள் எட்டிப் பார்த்தன.

"ஏம்மா எல்ஸ்பா, ஒரு வார்த்தைதானே."

"ஒரு வார்த்தைதான். அவனுக்கும் வாய் இருக்கு."

"ஊரே கீழ போகுது, உனக்கு இப்பவா ரோஷம் வரணும்?"

"நீங்க என்ன வேணா சொல்லுங்க."

நான் ஒரு துடுப்பு வெளியே போட்டேன். இன்னொன்று. வேண்டுமென்றேதான். இனி கத்தினாலும் என் குரல் எட்டாத தூரம். அந்த ஊரில் நான் பிறந்து இருபத்தொன்பது வருஷம். அத்தனை பேரும் சேர்ந்து என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

யாக்குப் திரும்பி ஓடியிருக்க வேண்டும். மதிலில் அலை மோதுகிற சத்தம் மட்டும். பிறகு காற்றில் ஓர் இடைவெளி விட்டது. மதிலுக்கு அந்தப்புறத்திலிருந்து, ஆறு வருஷமாக என்னை நோக்கி மட்டுமே வந்த குரல், வேறு திசைக்குப் போவது கேட்டது.

"நிக்குதா?"

நான் துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன், சொட்டுகிற தண்ணீர்கூடச் சத்தம் போடாதிருக்கட்டும் என்று.

"நிக்குது," என்றான் ரோயி. நிறுத்தினான். "காத்து இடது பக்கம் இழுக்குது. பாத்து அடி."

பிறகு காலடி. பிறகு அந்தத் தோல்பந்தின் கனத்த சத்தம்.

பந்தை நான் பார்த்தேன். அந்த வருஷம் முழுக்க நான் கண்ணால் பார்த்த ஆட்டம் அவ்வளவுதான். மதிலுக்குமேல் எழும்பி, துரூத்தாவின் தலைக்குமேல் வந்து, காற்றில் ஒருதரம் தயங்கி, என் படகுக்கு இருபது அடி தள்ளித் தண்ணீரில் விழுந்தது. மதில்மேலிருந்து ஒரு பெருமூச்சு, ஊரே ஒரே மூச்சில் விட்டதுபோல. அப்புறம் நீளமாக விசில். சாந்தொய்ரிக்காரர்களின் கூச்சல்.

என் வேலை பந்து பொறுக்குவது. நான் துடுப்புப் போட்டுப் போய்ப் பந்தை எடுத்தேன். தண்ணீர் குடித்துக் கனத்திருந்தது. மடியில் வைத்தபோதுதான் அது கேட்டது.

"விரலை அசைச்சிட்டேடா!"

"நான் எங்கே அசைச்சேன், அண்ணே? இடதுபக்கம் இழுக்குதுன்னு சொன்னேன்ல?"

"சொன்னே. சொல்லிட்டு அசைச்சே."

"ஆட்டுக்குட்டி உதைக்கிற மாதிரி மேல உதைச்சிட்டு என் விரலைச் சொல்றே."

"எழுந்திருடா முதல்ல, படுத்துக்கிட்டே பேசாதே."

"எழுந்தா என்ன பண்ணுவே?"

துரூத்தா மதிலிலிருந்து குனிந்தாள். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

"எல்ஸ்பா, போச்சு."

"தெரியும். பந்து என் மடியில இருக்கு."

"ரெண்டு பேரும் அடிச்சுக்குவாங்க போல. யாக்குப் விலக்கப் போறார்."

"வேண்டாம்னு சொல்லு துரூத்தா. தயவுசெஞ்சு யாரும் நடுவுல போகாதீங்க."

துறையின் நுனிக்குப் படகை விட்டேன். ஹானுஸ் குனிந்து கயிற்றைப் பிடித்தான்.

"உங்க ஊர் தப்பிச்சுடுச்சு," என்றேன்.

"ஆமா."

"போய்க் கத்து. எல்லாரும் கத்தறாங்க."

"எனக்கு இன்னும் முடிவு தெரியலையே."

மைதானத்தில் இன்னும் அந்தச் சண்டை கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது அப்பாவின் படகுக்கு வந்திருந்தார்கள். தந்தி அடித்திருக்கலாம் என்று ஒருவன். அடித்தால் நீ வந்திருப்பாயா என்று மற்றவன். நான் ஈரப் பந்தைத் தூக்கி ஹானுஸின் நெஞ்சில் போட்டேன். பிடித்துக்கொண்டான்.

"தார் போதும்," என்றேன். "இனிமே பூசாதே."

அன்று மாலை வீட்டில் உருளைக்கிழங்கும் காற்றில் உலர்ந்த இறைச்சியும். இருவரும் கத்திக்கொண்டே சாப்பிட்டார்கள். நடுவில் ஹோக்னி, "உப்பு," என்றான். என்னைப் பார்க்காமல். ரோயி தள்ளினான். இருவரும் அதைக் கவனிக்கவில்லை. நான் எழுந்து அடுப்புப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுகொண்டேன்.

ஊர் என்னை அந்தக் குளிர்காலம் முழுக்க மன்னிக்கவில்லை. நவம்பரில் கல்யாணம். கைகோத்து வட்டமாக ஆடும்போது என் அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்தில் வந்தார்கள். பாட்டுக்கு நடுவிலும் விரல், கால் என்று அவர்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்டது. துரூத்தா எனக்குக் கொடுத்த பரிசு அந்தக் கழுத்துத்துணி. முப்பத்தெட்டு கோல் நீளம். கட்டிலில் இரண்டு பேரும் போர்த்திக்கொள்ளலாம்.

ஹாம்ராவீக் அதற்குப் பிறகு முதல் டிவிஷனுக்கு வரவேயில்லை. இப்போது தனி அணியே இல்லை. சாந்தொய்ரியோடு சேர்த்து ஒரே கிளப். மைதானத்தில் பச்சைப் பாய் விரித்திருக்கிறார்கள். கடல்பக்கம் உயரமாக வலை கட்டிவிட்டார்கள். பந்து தண்ணீரில் விழுவதில்லை. அப்பாவின் படகு ரோயியின் கொட்டகையில் இருக்கிறது. கிளப்பிடமிருந்து திரும்பி வாங்கி அவன் தார் பூச ஆரம்பித்தான். மஞ்சளும் நீலமும் இருக்கட்டும் என்று ஹோக்னி சண்டை பிடித்தான். ஒரு பக்கம் தார், ஒரு பக்கம் வர்ணம். அதோடு நிறுத்தினார்கள்.

ஹானுஸ் இறந்து பதினொரு வருஷம். ஹோக்னி போன குளிர்காலத்தில் போனான். கடைசி வாரத்தில்கூட ரோயி கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது, போர்வைக்கு வெளியே சுட்டுவிரலை நீட்டி லேசாக அசைத்துக் காட்டினான். ரோயி எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டான். கோபத்தில் என்று சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரோயி தொலைபேசியில் கூப்பிடுவான். காற்று எப்படி, முட்டி வலி எப்படி, யார் ஜெயித்தார்கள். எல்லாம் பேசி முடித்த பிறகும் வைக்க மாட்டான்.

"அக்கா."

"சொல்லு."

"நீ எனக்கு மூத்தவ. முன்னாடி போவே. போனதும் அண்ணன்கிட்ட சொல்லு, என் விரல் அசையலன்னு."

"சொல்ல மாட்டேன். நீயே போய்ச் சொல்லிக்கோ."

"சரி சரி," என்பான். "அதுக்கு இப்ப என்ன அவசரம்?"